மஸ்கட் நாய்க்கு விலக்கு

"மஸ்கட்டுல உள்ள தெருநாயைத் தத்தெடுத்து பிளேன்ல கொண்டு வாராளாம். நம்ம தெருவுல என்ன, நாய்க்கா பஞ்சம்?"

கோட்டாற்றில் அந்தத் தெருவிலுள்ள அத்தனை வாசலிலும் நின்று செசிலி டீச்சர் இதைச் சொல்லி முடித்துவிட்டார்.

தத்தெடுத்தது ஷிஜி. மஸ்கட்டில் நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு மாதம் முன்பு ஊர் திரும்பியவள். அங்கே ஆஸ்பத்திரி வாசலில் அவள் சோறு போட்டு வளர்த்த நாய்க்கு ஊசி, சர்டிபிகேட் எல்லாம் சரியாகி, இந்த வாரம் வருகிறது என்று தெருவுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, குடியிருப்போர் சங்கத் தலைவர் பொன்னுலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு டீச்சர் ஷிஜி வீட்டுக்கு வந்தார். டீச்சர்தான் சங்கத்துக்குச் செயலாளர். பொன்னுலிங்கம் கையில் ஒரு தீர்மானம்.

"நாளைக்கு வண்டி வருது, மக்களே. தெருவுல நிக்க நாயெல்லாத்தையும் பிடிச்சு ஆரல்வாய்மொழி காத்தாலைக் காட்டுல கொண்டு விட்டிருவான். நீ மட்டுந்தான் கையெழுத்து பாக்கி."

"அங்க கொண்டு விட்டா ரெண்டு நாள் தாங்காது, மாமா. நான் போடமாட்டேன்."

"போடாண்டாம். ஆனா உன் மஸ்கட் நாய்க்கும் இதுதான் சட்டம். நாய்னா நாய்தான். உள்ளூரு வெளிநாடுன்னு சங்கத்துக்குப் பாகுபாடு கெடையாது."

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். போர்ட்டிகோவில் கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிய நாய் ஒன்று, குளித்து முழுகி, பாயில் படுத்திருந்தது.

பொன்னுலிங்கத்தின் குரல் இறங்கியது.

"ஓ, வந்தாச்சா? கொள்ளாமே, நல்ல அழகா இருக்கே. நாட்டு நாய்க்கு இப்படி மூக்கு வருமா, டீச்சர்?"

ஷிஜி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர், முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய அதே ஆங்கிலத்தில், "கம் பேபி, கம்" என்றார்.

நாய் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டியது.

"என்ன அடக்கம் பாத்தியளா. நம்ம தெருவு சவங்களா இருந்தா இந்நேரம் மேல சாடியிருக்கும். அங்கயெல்லாம் தெருநாய்க்கும் டிசிப்ளினாக்கும்."

ஷிஜிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"அப்பம் இதையும் நாளைக்குப் பிடிச்சிருவாவளா, மாமா?"

"சேச்சே. இதைப் போயா?"

"வாயால சொன்னா வண்டிக்காரன் கேக்கமாட்டான். எழுதித் தந்திருங்க."

பொன்னுலிங்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்மானத்தின் அடியில் எழுதினார். 'ஷிஜி வீட்டுப் போர்ட்டிகோவில் சிவப்புப் பட்டையுடன் படுத்திருக்கும் நாய்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்படுகிறது.' தலைவர் கையெழுத்திட்டார். செயலாளரும் இட்டார். ஷிஜி அதை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

டீச்சருக்குக் கிளம்ப மனமில்லை. பூசைக்குப் பிறகு யாரோ கொடுத்த கேக்கைப் பையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார். நாய் அதைத் தொடவில்லை. "வெளிநாட்டுச் சாப்பாடு பழகினதுல்லா" என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, முதுகைத் தடவினார். நாய் நடுங்கியது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல், இளஞ்சிவப்பாக ஒரு திட்டு.

"ஏட்டி ஷிஜி, இது இந்த ஜாதிக்கு உள்ள அடையாளமா? பாக்க நல்லாத்தான் இருக்கு."

"மஸ்கட் நாயி புதன்கிழமைதான் வருது, டீச்சர்" என்றாள் ஷிஜி. "இது நம்ம தெருவு நாயி. போன மாசம் உங்க கேட்டுல வந்து நின்னுச்சுன்னு கொதிக்கக் கொதிக்க கஞ்சித்தண்ணியைக் கோரி ஊத்துனியள்லா, அந்த அடையாளமாக்கும் அது."