பொருந்தாத பம்பு

"இதுவும் பொருந்தாது" என்று பெட்ரோல் பம்பைக் கணவனின் கையிலேயே திருப்பித் திணித்தாள் டெல்வின்.

மெர்வினுக்குச் சங்கடமாக இருந்தது. அலமாரியில் இருந்த பம்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டியாயிற்று. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் செடூனா ஊருக்கு மேற்கே, புதர்க்காட்டின் நடுவே போகும் நெடுஞ்சாலையில் அவர்களுடைய பெட்ரோல் பங்க்கை விட்டால் அடுத்ததற்கு வெகுதூரம் போக வேண்டும். முன்னால் பங்க், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, பின்னால் பட்டறை. கடை மெர்வினுடையது, பட்டறை டெல்வினுடையது. எஞ்சின் பின்னால் இருக்கும் பழைய காம்பி வேன் வைத்திருப்பவர்கள் அவளைத் தேடிக்கொண்டு பெர்த்திலிருந்துகூட வருவார்கள்.

இந்த வெள்ளை வேனைக் கொண்டுவந்தவன் டேமியன் என்ற இளைஞன். பெட்ரோல் போட்டான், ஆயில் பார்க்கச் சொன்னான், கிளம்பினான். வண்டி வாசலைக்கூடத் தாண்டாமல் இருமி இருமி நின்றுவிட்டது.

"பெட்ரோல் ஏறல. பம்புதான் போச்சு" என்றாள் டெல்வின்.

அப்போது தொடங்கிய ஆராய்ச்சி, இன்னும் முடியவில்லை.

"ஏதாவது ஒண்ணைப் போட்டு ஓட வைங்கக்கா" என்றான் டேமியன். "பொழுது சாயறதுக்குள்ள நான் மாநில எல்லையைத் தாண்டணும்."

"ஏதாவது ஒண்ணைப் போட்டா எல்லையைத் தாண்ட மாட்டே தம்பி, நேரா பரலோகம்தான். உள்ள இருக்கற தண்டு ஒரு நகக்கண் நீளம் கூடினாலும் பம்பு கிழிஞ்சிடும். சூடான எஞ்சின் மேல பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்? உங்கப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வண்டின்னு சொன்னியே, அதைக் கொளுத்திடலாமா?"

டேமியன் மேற்கே போகும் சாலையைப் பார்த்தான்.

மெர்வின் மனைவியின் காதருகே குனிந்தான். "ஏய், போன மாசம் அந்த ஜெர்மன்காரங்க வேனுக்கு இதே பம்பைத்தானே போட்டே?"

டெல்வினின் பூட்ஸ் அவன் காலை நன்றாக மிதித்தது. "நீ போய் அந்தத் தம்பிக்கு ஒரு இறைச்சி பஃப்ஸ் சூடு பண்ணிக் கொடு. நான் யார்கிட்ட சரியான பம்பு இருக்குன்னு ஃபோன்ல விசாரிக்கறேன்."

அவள் வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் நிம்மதி தெரிந்தது. "கிடைச்சிடுச்சு. செடூனாலேர்ந்து கொண்டு வர்றாங்க. அதுக்குள்ள குழாயையும் மாத்திடலாம்."

மெர்வின் ஒரு குழாயைக் கொண்டுவந்தான். "உள்பக்கம் அகலம் ஜாஸ்தி. கசியும்" என்றாள். இன்னொன்றைக் கொண்டுவந்தான். "இது பழைய ரப்பர். இப்ப வர்ற பெட்ரோல் இதை அரிச்சிடும்." அவன் எஞ்சினைக் குனிந்து பார்க்கப் போனதும், "நீ தொடாதே!" என்று சீறினாள்.

எரிச்சலாக வந்தாலும் மெர்வினுக்கு உள்ளூரப் பெருமைதான். வேறொருத்தராக இருந்தால் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். இவள் அடுத்தவர் வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்க்கிறாள்.

பங்க்கில் ஒரு லாரி டீசல் போட வந்து நின்றதைப் பார்த்ததும், டேமியன் பஃப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "அக்கா, அந்த லாரி மேற்கேதான போகுது? நான் அதுல ஏறிப் போறேன். வேனை அப்புறம் எடுத்துக்கறேன்."

"உங்கப்பா வண்டியை இங்க அநாதையா விட்டுட்டா?" டெல்வின் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "பம்பு பாதி வழி வந்தாச்சு. மெர்வ், தம்பிக்கு இன்னொரு டீ!"

லாரி போய்விட்டது. சற்று நேரத்தில் கிழக்கே புழுதி கிளம்பியது. வந்து நின்றது போலீஸ் கார்.

வழக்கம்போல டீ குடிக்க வருகிறார்கள் என்று நினைத்து மெர்வின் கோப்பைகளை எடுத்தான். அதற்குள் டேமியன் வேனுக்குள் பாய்ந்து சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை. போலீஸ்காரர் கதவைத் திறந்து அவனை இறக்கினார். இன்னொருவர், "ஃபோன் பண்ணது நீங்கதானே?" என்று டெல்வினிடம் கேட்டார்.

காரின் பின்கதவு திறந்தது. ஐல்சா இறங்கினாள். பண்ணை பண்ணையாகப் போய், ஆட்டு ரோமம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். அவளுக்கு வேன்தான் வீடு, வேன்தான் அடுப்படி. அது திருடு போனதிலிருந்து வேலையும் இல்லாமல் செடூனாவில் தங்கை வீட்டில் முடங்கிக் கிடந்தாள். இப்போது வெள்ளை வேனைத் தடவிக்கொண்டே அழுதாள்.

மெர்வின் நம்பர் பலகையைக் குனிந்து பார்த்தான். "ஐல்சாவோட வேன் பச்சையாச்சே! நம்பரும் வேறயாச்சே!"

"நம்பரை மாத்தினான், பெயின்ட்டை மாத்தினான். ஆனா ஆயில் பார்க்கப் பின்மூடியைத் திறந்ததுமே ரெண்டு கார்புரேட்டரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுதே! ஐல்சா வேனோட வலது பக்கத்துக்கு ஜோடி கிடைக்காம, வேற வண்டியோடதைக் கழட்டி, அரம் போட்டு ராவி, இடது பக்கத்தோட ஒத்துப் போக வச்சவ நான்தானே? அப்படி ஒரு ஜோடி இந்த உலகத்துல வேற எந்த வேன்லயும் கிடையாது."

ஐல்சா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மெர்வின் தன் மனைவியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பிறகு பம்பைக் கையில் எடுத்தான்.

"திருடன் மாட்டியாச்சு. இப்பவாவது இந்தப் பம்பைப் போட்டுடலாமா? ஐல்சா ஊர் போய்ச் சேர வேண்டாமா?"

"பழுதான வண்டிக்குத்தான்யா பம்பு மாத்தணும்" என்ற டெல்வின், எஞ்சினுக்கு அடியில் கையைவிட்டு, பெட்ரோல் குழாயை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தன் கிளிப்பைக் கழற்றி எடுத்தாள்.