தொட்டில் கட்டிய வீடு

செவலை என்ற தெருநாய்க்குக் காவல் வேலை கிடைத்தால்தான் சோறு. ஒரு வாசல் விடாமல் போய் நின்று தொண்டை கிழியக் குரைத்துக் காட்டியது. ஒவ்வொரு வீட்டு இரும்புக் கேட்டும், "போயிட்டு வா, சொல்லி அனுப்புறோம்" என்றது. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"என் குரல் நல்லா இல்லையா?" என்று கூட்டாளி மைனாவிடம் அழாக்குறையாகக் கேட்டது.

"குரலுக்கென்ன, இடி மாதிரி இருக்கு. ஆனா போற வீட்டுக்கு என்ன வேணும்னு என்னிக்காவது பார்த்தியா?"

செவலைக்குச் சுருக்கென்றது. ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த பச்சைக் கேட் வீட்டுக்கு எதிரே கம்பத்தடியில் படுத்துக் கவனித்தது. பால்காரர் அங்கே மட்டும் மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடத்தில் சேலைத் தொட்டில் ஆடியது.

ஒரு மத்தியானம் துணிந்து போய் நின்றது. பச்சைக் கேட் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்கே, குரைச்சுக் காட்டு பார்ப்போம்."

செவலை வாயைத் திறந்தது. உள்ளே தொட்டில் ஆட்டம் அப்போதுதான் நின்றிருந்தது. வாயை மூடிக்கொண்டது.

"புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு. முழிச்சதும் குரைக்கிறேனே" என்று கிசுகிசுத்தது.

எப்போதும் கிறீச்சென்று அலறும் அந்தக் கேட், சத்தமே இல்லாமல் திறந்தது.