பட்டியலின் முதல் பெயர்

"பிள்ளை, செத்த மனுசன் எப்பிடி லிஸ்ட்டில முதலாவதா வந்து நிக்கிறார்?" அலுவலகப் பொறுப்பாளர் மங்களேஸ்வரி மிஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

றிப்தாவின் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. ஏழைகளுக்கு இலவசமாக இதய சத்திரசிகிச்சை செய்விக்கும் அந்தக் கண்டி நிதியத்தின் தரவுகளைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றியவள் அவள்தான். மாலை வகுப்பில் அதற்கான கணினி மொழி எஸ்.கியூ.எல். படிக்கும் தைரியத்தில் ஏற்றுக்கொண்ட முதல் வேலை.

திரையில் இருந்தது: பொன்னையா, ஹுன்னஸ்கிரிய.

"நிச்சயமா மௌத்தானவரா மிஸ்?"

"இவருக்குப் பிறகு பதிஞ்ச ஆக்களெல்லாம் ஒப்பரேசன் முடிச்சுப் போயிட்டினம். இவற்ற பேர் ஒருக்காவும் வரேல்லை. பேர் வராட்டி ஆள் இல்லையெண்டுதானே? பைலைக்கூட கீழ் அலுமாரிக்குள்ள போட்டிட்டன்."

முறை வந்தவர்களை அலுவலகமே தொலைபேசியில் அழைக்கும். அதுவரை யாரும் கேட்டு வரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

றிப்தா எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். 'இறந்தவர்' என்று குறிக்கப்படாதவர்களைப் பதிவு வரிசைப்படி கொடு என்பதுதான் டேட்டாபேஸிடம் கேட்கும் அந்தக் கேள்வி, குவெரி. பழைய டேட்டாபேஸில் ஓடிய அதே வரிகள். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

தான்தான் எதையோ குழப்பிவிட்டோமோ? மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பொன்னையா. ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, 'என் முறை எப்போது?' என்று கேட்பதுபோல் இருந்தது.

"அழிச்சு விடு பிள்ளை. செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, ஒப்பரேசனுக்கு வாங்கோ எண்டு சொல்லப் போறியோ?"

அழிக்கப் போனவள் நிறுத்தினாள். மற்ற இறந்தவர்களின் நிலைக் கட்டத்தில் 'இறந்தவர்' என்று தெளிவாக இருந்தது. பொன்னையாவின் கட்டம் வெறுமை. தேயிலைத் தோட்டத்து மருத்துவ முகாமில் பதிந்தபோது யாரோ நிரப்ப மறந்திருக்கிறார்கள்.

வகுப்பில் கேட்டது அப்போதுதான் உறைத்தது. வெறும் கட்டத்தை எல்லா டேட்டாபேஸும் ஒரேமாதிரி வாசிப்பதில்லை. பழையது அதைத் 'தெரியாது' என்று எடுத்துக்கொண்டது. தெரியாத ஆளை எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் தள்ளிவிட்டது. புதியதோ, 'இறந்தவர்' என்ற சொல் அங்கே இல்லை, அவ்வளவுதான் என்று சேர்த்துக்கொண்டது.

"மிஸ், இவர மௌத்தெண்டு ஒத்தரும் எழுதல்ல! பழைய சிஸ்டம்தான் மறைச்சு வெச்சிருக்கு. பேர் வரல்லயெண்டு நாங்களாத்தான் மௌத்தாக்கிட்டோம்!"

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. பிறகு அவரே ரிசீவரை எடுத்து நீட்டினார். "எடு, எடு. கடவுளே... முதலாவது ஆள் அவர்தானே, வாற கிழமையே போடுவம்."

மணி நெடுநேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கும் சத்தம்.

"பொன்னையா ஐயாட வீடுதானே? கண்டி ஹார்ட் ஒப்பரேஷன் ஒஃபிஸ்ல இருந்து பேசுறேன். அவருக்கு முறை வந்திருக்கு!" றிப்தாவின் குரலில் சிரிப்பு தானாக வந்தது.

மறுமுனையில் அந்தப் பெண் பின்னால் இருந்தவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

"அப்பா முந்தாநாள் வரைக்கும் இந்தப் போனைக் கையிலயேதாங்க வச்சிருந்தாரு."