மேனேஜர் அறை பிரிண்டர்

குழித்துறை ஆற்றங்கரையில் இருக்கும் ரப்பர் கம்பெனி அலுவலகத்தில், மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஜெப்சியின் மேசையில் விழுகிறது. ரப்பர் ஷீட்டின் புகைவாசம் ஃபைல்களில்கூட ஏறியிருக்கிறது. மேனேஜர் அறை பிரிண்டரை அவள் தன் கம்ப்யூட்டரிலிருந்து எத்தனை தடவை நீக்கினாலும், மறுநாள் காலை அது பட்டியலில் முதலாவதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு வேலைக்கு அவள் எழுதிய விண்ணப்பம் போன வாரம் அங்கேதான் அச்சாகி மேனேஜர் கையில் சிக்கியது. சரிபார்க்க வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஆன்ஸ்லின் சர்வரைத் திறந்து பார்க்கிறான். "இது தானா வரல்ல அக்கா. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒராளு செட் பண்ணி வச்சிருக்கு." அவன் விரல் வைத்த இடத்தில் அஜிதா என்ற பெயர் இருக்கிறது. அடுத்த மேசையில் அஜிதா சோற்றுப்பாத்திரத்தைத் திறக்கிறாள். அந்த விண்ணப்பத்தில் பிழை திருத்திக் கொடுத்தவள். "மெஷினுக்குப் பிராந்து பிடிச்சிருக்கு, விடு மக்கா" என்று மூன்று வாரமாகச் சிரித்தவள். இன்றும் மீன்கறியில் பெரிய துண்டை எடுத்து ஜெப்சியின் டிபன் மூடியில் வைக்கிறாள். "ஏட்டி, சரியாயிட்டா?" ஜெப்சி திரையை அவள் பக்கம் திருப்புகிறாள். பிறகு மூடியை, துண்டு நகராமல், மெதுவாகத் தள்ளி அவளிடமே வைக்கிறாள்.