எட்டுப் பேனல்

சோலார் நோட்டீசைப் பால்ச்சாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருப்புக்கோட்டையிலிருந்து விற்க வந்த விஜயபாண்டிக்கு அந்தப் பார்வையே பிடிக்கவில்லை.

“இதுல கரண்டு வரும்ங்கிறீக?”

“எட்டுப் பேனல் போதும்ண்ணே. பேட்டரியும் வச்சிட்டா ஊரே இருண்டாலும் உங்க வீட்டுல ஃபேன் சுத்தும்.”

“அப்படித்தான் சொல்லுவாக.”

“கவர்மெண்டு மானியமும் உண்டு.”

“அதையுந்தான் சொல்லுவாக.”

தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த அவர் மனைவி நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. “போட்டுத் தொலைங்களேன். காலையில போன கரண்டு இன்னும் வரல, மெஷின் மோட்டாரு ஓடல. நாளைக்கு முகூர்த்தம், கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டு அப்படியே கெடக்கு.”

“நீ பேசாம இரு. இவுக சொல்றதை நம்பச் சொல்றியா?”

மனுஷன் பேனலை டிவியில்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று விஜயபாண்டிக்குப் பட்டது. “அண்ணே, சோலார் பேனலைக் கிட்டப் போய்ப் பாத்திருக்கீகளா?” என்றான்.

பால்ச்சாமி கொடியில் கிடந்த நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஊருக்கு வெளியே இருக்கும் சோலார் மின் நிலையத்தின் பெயர் சட்டையின் முதுகில் இருந்தது.

“நாலு வருசமா அங்க பேனல் கழுவுறதுதான் தம்பி எனக்கு வேலை. ஊரைச் சுத்தி முந்நூறு ஏக்கர்ல நிக்குது. அது வாரதுக்கு முந்தியும் இங்க கரண்டு ஒழுங்கா இருந்ததில்ல, இப்பவும் இல்ல. ஒங்க எட்டுப் பேனலு வந்து என்னத்தக் கிழிக்கப் போகுது?”