வால்வு சூடு

மேகலாவைப் பெண் பார்த்து முடிவு சொல்ல ராஜராஜனுக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. முதல் வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கத்தான் ஒரு வருஷம் ஆனது.

அது அரியலூர் வீட்டுக்கு வந்த அன்றே, மேகலா சமைக்கும்போது பாட்டுக் கேட்கும் குட்டி புளூடூத் ஸ்பீக்கரை, "இந்தத் தகர டப்பா வேற" என்று பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் தள்ளினார்.

கேட்டு ரசிக்க வரதராஜன்பேட்டையிலிருந்து நண்பர் கலைமணி வந்திருந்தார். பழைய பாட்டெல்லாம் மேகலாவின் செல்போனில்தான் இருந்தது. அதை வாங்கித் தட்டினார் ராஜராஜன். ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் தணலாய்ச் சிவந்தன. பாட்டு எழுந்தது.

"பாடுறவங்க மூச்சு இழுக்குறதுகூட கேக்குது பாருங்க. இதுக்கெல்லாம் காது வேணும். இவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

கலைமணி கண்ணை மூடிக்கொண்டார். "குரல்லயே ஒரு சூடு இருக்குங்க. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு சொல்லிடுங்க."

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. வால்வுகளின் சிவப்பு மெல்ல அடங்கியது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை.

இருவரும் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். தகர டப்பா நீல விளக்கைச் சிமிட்டியபடி பாடிக்கொண்டிருந்தது.

மேகலா காபி டம்ளர்களை வைத்தாள்.

"வால்வு சூடு இன்னும் ஆறல போலருக்குங்க."