இன்ஸ்பெக்டர் வசந்தி

"மனப்பாடமா ஒப்பிக்காதே. நீ இப்போ அன்புச்செல்வி இல்லே, இன்ஸ்பெக்டர் வசந்தி. அவளாவே மாறிப் பேசு" என்றார் ராகவேந்திரன்.

தி.நகரில் ஒரு மாடி அறை. ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையை வளர்க்கும் பகடை விளையாட்டு. நன்றாக ஆடுபவர்களுக்கு அவருடைய கம்பெனியில் வேலை. சைதாப்பேட்டையிலிருந்து வந்திருந்த அன்புச்செல்விக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

"தனியா இருக்கற வயசான அம்மா. வெளியே ஆபத்து. அவங்க கதவைத் தாழ் போட்டுக்கிட்டு, நீ சொல்றவரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு நீ சொல்லணும். பெரிய எண் விழுந்தா உன்னை நம்புவாங்க."

பகடை உருண்டது. இரண்டு.

"நம்பலை. சொந்தமா ஏதாவது சேர்த்துச் சொல்லு."

அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "அழாதீங்கம்மா. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. எங்கம்மாவும் உங்கள மாரி தனியாத்தான் கீறாங்க. நான் பாத்துக்கறேன்."

மற்றவர்கள் கை தட்டினார்கள்.

"வேலை உனக்குத்தான்" என்ற ராகவேந்திரன், ஒரு போனை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினார். பகடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பகடை வாணாமா சார்?"

"இனிமே எதுக்கு? அந்தம்மா தாழ் போட்டதும் போனை என்கிட்ட கொடு. பாங்க் விவரத்தை நான் கேட்டுக்கறேன்."

அவள் எழுந்தாள். மற்றவர்களில் பலமாகக் கை தட்டியவன் அதற்குள் அறைக்கதவைத் தாழிட்டிருந்தான்.

போனில் ஒரு முதிய குரல் கேட்டது. "யார் பேசறேள்? ஆத்துல நான் மட்டும்தான் இருக்கேன்."